வெள்ளம் இதுவரை

உக்காருங்க சார். அந்தப் படியில வேண்டாம், பாசி புடிச்சிருக்கு. இப்படி இந்தப் பக்கம் வாங்க. டீக்கடை சிங்காரம்தான அனுப்புனான்? அவன் அப்படித்தான். கேமராவும் கையுமா யாரு பஸ்ஸ விட்டு இறங்குனாலும், ஹிஸ்டரி சாரைப் பாருங்கன்னு என்கிட்ட தள்ளி விட்டுருவான். எனக்கு அந்தப் பேரு வந்து இருபத்தஞ்சு வருசம் இருக்கும். வாத்தியாரெல்லாம் இல்லை சார். மாதையன்னு பேரு. பத்திர ஆபீஸ்ல எழுத்தரா இருந்து ரிட்டையர் ஆனவன்.

உங்க பஸ்ஸு அஞ்சு மணிக்குத்தான். தாராளமா நேரம் இருக்கு.

முதல்ல ஊர்ப் பேரச் சரியா எழுதிக்குங்க. பஸ்ல ஆட்டுப்பேட்டைன்னு போட்டிருப்பான். ஆட்டுக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஹார்ட்லின்னு ஒரு வெள்ளைக்காரன். உப்புக்குச் சுங்கம் வாங்க வந்தவன். ஹார்ட்லிபேட்டை. ஜனங்க வாயில அது ஆட்லிபேட்டை ஆச்சு, அப்புறம் ஆடே வந்துருச்சு. நாம உக்காந்திருக்கிற இந்தச் சுங்கக் கட்டடம் அவன் கட்டுனது.

ஏன் இங்க கட்டுனான்னு கேளுங்க. எல்லாரும் கட்டடத்த போட்டோ எடுக்குறாங்களே தவிர, இதைக் கேக்குறதில்ல. அதோ மேற்கால பாருங்க. நீலியாறு அங்கேருந்து நேரா வருது. ஊருக்கு முன்னாடி வந்ததும், முழங்கை மடக்குன மாதிரி வடக்க திரும்பி, அப்புறம் கிழக்க கடலுக்குப் போவுது. அந்த முழங்கையோட உள்பக்கத்துல இருக்கு ஊரு. இங்க நின்னா மேலேருந்து வர்ற தோணியும் தெரியும், கடல்லேருந்து ஏறி வர்ற தோணியும் தெரியும். சுங்கம் குடுக்காம ஒருத்தன் தப்ப முடியாது. சுங்கத் தெரு, கிடங்குத் தெரு, தோணிக்காரத் தெரு, கல்லறைத் தெரு, மொத்தம் நாலே தெரு. அப்புறம் முகத்துவாரத்துல மணல் மேடு போட்டுச்சு, கப்பல் நின்னு போச்சு. ரயில் எட்டு மைல் தள்ளிப் போயிருச்சு. ஊரு அப்படியே உக்காந்துருச்சு.

கல்லறை பார்த்துட்டீங்களா? ஹார்ட்லி பொண்டாட்டி. எலைசா. இருபத்திரெண்டு வயசு. காய்ச்சல்ல போனது. 'தன் கணவரின் கடமை அழைத்த இடமெல்லாம் உடன் சென்றவள்'னு இங்கிலீஷ்ல வெட்டியிருக்கான். எழுத்து பாதி தேஞ்சிருக்கும். எனக்கு மனப்பாடம்.

நான் இந்த ஊரு இல்லை சார். தர்மபுரிப் பக்கம். எங்க ஊர்ல ஆறுன்னா மணல். தண்ணி ஓடுற ஆத்த முழுசாப் பார்த்ததே வேலைக்கு இங்க வந்தப்புறம்தான். இன்னிக்கு வரைக்கும் எனக்கு நீச்சல் தெரியாது. ஆனா இந்த ஆத்தைப் பத்தி என்னை விடத் தெரிஞ்ச ஆள் இங்க கிடையாது. இந்த ஊர்க்காரங்களுக்கு அவங்க ஊர் வரலாறு தெரியாது சார். ஆத்துல குளிப்பாங்க, மீன் புடிப்பாங்க. எந்த வருசம் எந்தக் கரை உடைஞ்சுதுன்னு கேட்டா, எங்க தாத்தா காலத்துலம்பாங்க. அது பதிலா? நான் பழைய பத்திரம், வரைபடம், கல்வெட்டு எல்லாம் பார்த்துப் பார்த்து எழுதினேன். முப்பத்திரெண்டு வருசம். பதினோரு நோட்டு.

என் சம்சாரமே இந்த ஊருதான். தையல்நாயகி. தோணிக்காரத் தெரு வைத்திலிங்கத்தோட பொண்ணு. வந்த மறு வருசமே கல்யாணம். அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சிருந்தா. நான் நோட்டுல எழுதுறத ராத்திரி படிச்சுக் காட்டுனா, கீரை ஆஞ்சிக்கிட்டே கேப்பா. நடுவுல சிரிப்பா. 'எங்க ஆத்தைப் பத்தி எங்களுக்கே சொல்றீங்க'ம்பா. நானும் சிரிப்பேன். அவளுக்கு இதுல அவ்வளவாப் புடிபடாது.

இந்தக் கல்லைப் பாருங்க சார். இங்க, கதவுக்குப் பக்கத்துல. குனியணும். ஒரு கோடு, கீழ 1871 நவம்பர், வெள்ளம் இதுவரைன்னு இங்கிலீஷ்ல. உங்க முழங்கால் உயரம் இருக்குமா? இந்தப் பக்கத்துலயே பெரிய வெள்ளம் அதுதான். கொத்தனார் வச்சிருப்பான் பாருங்க, டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பாக்குறது, அதை வாங்கி ஒரு நாள் பூரா அளந்தேன். இந்தக் கோட்ட விட எங்க வீட்டுத் தரை ரெண்டடி மேல இருந்துச்சு. சுங்கத் தெருவுல கிழக்கால இருந்த மூணு வீட்டுக்கும் அப்படித்தான். அதை நோட்டுல எழுதி வச்சேன்.

அன்னிக்கு அவ சாப்பாட்டுத் தூக்கு எடுத்துட்டு வந்திருந்தா. நான் கோட்ட அளக்குறதைப் பார்த்துட்டு, "இந்தக் கல்லு இங்க இல்லையே"ன்னா.

"இங்கதான இருக்கு?"

"இப்ப இருக்கு. நாங்க சின்னப் புள்ளையா இருக்கச்ச அதோ, அந்த ஜன்னலுக்கு மேல இருந்துச்சு. எம்பி எம்பித் தொடுவோம், எட்டாது."

"அப்ப உனக்கு என்ன வயசு?"

"எட்டு இருக்கும்."

"எட்டு வயசுப் புள்ளைக்கு எல்லாமே உயரம்தான்."

"எங்க அப்பாவுக்கே எட்டாதுங்க. ஒரு மழையில இந்தச் செவுரு விழுந்துச்சு. திருப்பிக் கட்டுறப்ப கொத்தனுங்க கல்லைக் கீழ வச்சுட்டாங்க."

"அதுக்கு ஏதாவது எழுத்து இருக்கா? எந்த வருசம், யாரு கட்டுனா?"

அவ என்னைப் பார்த்தா. "சாப்பிடுங்க, ஆறுது"ன்னுட்டா.

நீங்களே சொல்லுங்க சார். எழுத்துல இல்லாத ஒண்ண நான் எப்படி எடுத்துக்குறது? பத்திர ஆபீஸ்ல இருந்தவன் நான். வாய்ச்சொல்லுக்கு அங்க மதிப்பு கிடையாது. அவளும் திருப்பி ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லல.

வெள்ளம் வந்து ஆறு வருசம் ஆகுது. ஐப்பசி முடிஞ்சு கார்த்திகை பொறந்த நேரம். ஒன்பது நாளா விடாத மழை. மேல அணை நிரம்பி, தண்ணி திறந்து விடப் போறாங்கன்னு ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிட்டுப் போனாங்க. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னாங்க. காலையில எட்டு மணி இருக்கும். தெருவுல எல்லாரும் கெளம்புறாங்க. கலியமூர்த்தின்னு ஒருத்தன், என் சம்சாரத்துக்குச் சித்தப்பா மகன், சொந்தமா மீன்புடி போட் வச்சிருக்கான். அவன் வந்தான்.

"அத்தான், கெளம்புங்க. அக்கா, அத்தானைக் கூட்டிட்டு வா."

எங்க பக்கத்து ரெண்டு வீட்டுக்காரங்களும் வாசல்ல நின்னாங்க. என்ன சார் பண்ணலாம்னு என்னைத்தான் கேட்டாங்க. நான் குடையப் புடிச்சுக்கிட்டு அவங்களை இங்க கூட்டிட்டு வந்தேன். இந்தக் கல்லைக் காமிச்சேன். "நூத்தம்பது வருசத்துல பெரிய வெள்ளம் இவ்வளவுதான் வந்திருக்கு. நம்ம தரை இதுக்கு மேல ரெண்டடி. தெருவுக்குத் தண்ணி வரும், நிக்கும், எறங்கும்"னு சொன்னேன். அவங்க நின்னுட்டாங்க. படிச்சவன் சொல்றான்னு நின்னுட்டாங்க.

வீட்டுக்கு வந்தா, அவ என் நோட்டு பதினொண்ணையும் பாலிதீன் தாள்ல சுத்தி, கயிறு போட்டுக் கட்டி, பீரோ மேல ஏத்தி வச்சிருந்தா. துணிப்பை ஒண்ணு வாசல்ல ரெடியா இருந்துச்சு.

"வாங்க, போயிருவோம்"னா.

"எதுக்கு? உனக்கும் பயமா?"

"எனக்கு என்ன பயம். உங்களுக்குத்தான் நீச்சல் தெரியாது."

"தண்ணி வந்தாத்தான நீச்சல்?"

அடுப்படிக்குப் போயி உலை வச்சா.

பத்து மணிக்குத் தெருவுல தண்ணி வந்துச்சு. "வாங்க, போயிருவோம்"னு மறுபடி சொன்னா. நான் வாசப்படியில சாக்பீஸால கோடு போட்டு மணி எழுதிக்கிட்டு இருந்தேன். பின்னாடி யாராவது அளவு கேப்பாங்க இல்லையா? பத்தே காலுக்கு ஒரு கோடு, பத்தரைக்கு ஒரு கோடு. மூணாவது கோடு போடுறதுக்குள்ள தண்ணி கை மேல ஏறிருச்சு.

அப்பவும் அவ ஒத்தையாப் போகல சார். தோணிக்காரன் மக. மழைக்காலத்துலயே இந்த ஆத்தைக் குறுக்க நீந்துனவ. அவ நெனச்சிருந்தா பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிசம். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிற என்னைய விட்டுட்டுப் போகல.

கலியமூர்த்தி போட்டோட வந்து, முதல்ல பக்கத்து ரெண்டு வீட்டு ஜனத்தை ஏத்திட்டுப் போனான். அவங்க அத்தனை பேரும் பொழச்சுக்கிட்டாங்க. அதை எழுதிக்குங்க. என் பேச்சைக் கேட்டு நின்ன அந்த ரெண்டு வீட்டுலயும் ஒரு உயிர் போகல.

அவன் திரும்பி வர்றப்ப வீட்டுக்குள்ள எனக்கு இடுப்பு வரைக்கும் தண்ணி. இழுப்பு இருந்துச்சு பாருங்க, காலை வாருது. அவ என் அக்குளுக்கு அடியில கை குடுத்து வாசலுக்குக் கொண்டாந்தா. "மூச்சப் புடிச்சுக்குங்க, என்னைப் பார்த்துக்கிட்டே வாங்க, தண்ணியப் பார்க்காதீங்க"ன்னா. கலியமூர்த்தி மேல இழுத்தான், அவ கீழேருந்து தள்ளுனா. போட்டுக்குள்ள விழுந்தேன்.

அவ போட்டோட விளிம்பப் புடிச்சுக்கிட்டு இருந்தா. ஏற வேண்டியதுதான் பாக்கி.

நான் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

நான் அவளைப் போகச் சொல்லல சார். சத்தியமா. நோட்டுன்னேன். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைதான்.

அவ என் மொகத்தைப் பார்த்தா. எவ்வளவு நேரம்னு தெரியல. "பீரோ மேலதான இருக்கு, நனைஞ்சிருக்காது"ன்னா. கைய எடுத்துட்டா.

"அக்கா வேணாம், ஏறு"ன்னு கலியமூர்த்தி கத்துனான். அவ அதுக்குள்ள நெலைவாசலத் தாண்டிட்டா.

சீக்கிரம் வந்துட்டா. பெரிய நேரமெல்லாம் ஆகல. வாசல்ல நின்னா, நெஞ்சு வரைக்கும் தண்ணி. நோட்டுக் கட்டை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிருந்தா. தலைமுடி அவுந்து கெடந்துச்சு. கலியமூர்த்தி போட்டைக் கிட்ட ஒட்டிக் குடுத்தான். நான் குனிஞ்சு கைய நீட்டி வாங்குனேன்.

கட்டை வாங்குனேன் சார். அவ கையைப் புடிக்கல.

பழைய வீடு. ஹார்ட்லி காலத்துச் செங்கல், சுண்ணாம்புக் காரை. முன்செவுரு அப்படியே வாசல் மேல உக்காந்துச்சு.

மறுநாள் மத்தியானம் தண்ணி எறங்குனப்புறம்தான் எடுத்தாங்க.

பள்ளிக்கூடத்துல என்னை ஒரு பெஞ்சுல உக்கார வச்சிருந்தாங்க. மடியில கட்டு. போர்வையப் போத்திவிட்டாங்க, கட்டு போர்வைக்குள்ள போயிருச்சு. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க வந்து அழுதாங்க. "போட்டைப் புடிச்சவ ஏன் உள்ள போனா?"ன்னு ஒருத்தி கேட்டா. நான் வாயத் திறக்குறதுக்குள்ள இன்னொருத்தி, "நகைய எடுக்கப் போயிருப்பா, வேற என்ன? ரெண்டு பவுன் சங்கிலிய மாடத்துல வச்சிருந்தாளே"ன்னா. எல்லாரும் உச்சுக் கொட்டுனாங்க.

நான் பேசாம இருந்தேன். தலையாட்டுனேனான்னு ஞாபகம் இல்லை. ஆட்டியிருப்பேன்.

பேப்பர்ல வந்துருச்சு. 'நகையை எடுக்கச் சென்ற பெண் சுவர் இடிந்து பலி.' அச்சுல வந்துட்டா அப்புறம் அதுதான் சார் வரலாறு. எனக்குத் தெரியாதா?

எனக்கு ஒரே பொண்ணு. வளர்மதி. கோயம்புத்தூர்ல இருக்கு. ரோடெல்லாம் உடைஞ்சு கெடந்து, மூணாம் நாள்தான் வந்து சேர்ந்துச்சு. சுடுகாட்டுலேருந்து வந்தப்புறம் என் பக்கத்துல உக்காந்து, "அம்மா எதுக்குப்பா உள்ள போனாங்க?"ன்னு கேட்டுச்சு. "எல்லாரும் சொல்றாங்களேம்மா"ன்னேன். நான் பொய் சொல்லல பாருங்க. எல்லாரும் சொல்றாங்கன்னுதான் சொன்னேன்.

அது என் மொகத்தையே பார்த்துச்சு. சரிப்பான்னுச்சு. ஊருக்குப் போயிருச்சு. அதுக்கப்புறம் வாராவாரம் ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குப் போன் பண்ணும். சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. வைக்கிறதுக்கு முன்னாடி, "வேற ஏதாவது சொல்லணுமாப்பா?"ன்னு கேக்கும். ஒண்ணும் இல்லம்மா, மழை இல்லைம்பேன். ஆறு வருசம் சார். ஒரு ஞாயித்துக்கிழமை தப்புனது இல்லை.

தண்ணி எவ்வளவு வந்துச்சுன்னு கேக்கலையே நீங்க? அந்தக் கறை இன்னும் இருக்கு, நிமிந்து பாருங்க. ஜன்னலுக்கு மேல, அவ கை காட்டுன இடத்துலேருந்து ஒரு சாண் கூடக் கீழ இல்லை. கல்லை எடம் மாத்தி வச்சவன் எவனோ, அவன் ஒரு வரி எழுதி வச்சிருந்தா இவ்வளவும் நடந்திருக்குமா? என் கோவம் அதான். எழுதணும் சார். எதையும் எழுதி வைக்கணும்.

போன மாசம் பள்ளிக்கூடத்துல ஒரு கூட்டம். மழைக்காலம் வருதுன்னு, வெள்ளத்துல என்ன பண்ணணும்னு ஜனங்களுக்குச் சொல்லிக் குடுக்க வெளியூர்லேருந்து ஒரு அதிகாரி வந்திருந்தாரு. சின்ன வயசு. நல்லாப் பேசுனாரு. என்னை முன்வரிசையில உக்கார வச்சு, சால்வை போட்டாங்க. அப்புறம் அவரு சொன்னாரு, "உங்க ஊர்லயே ஒரு அம்மா, போட் வரைக்கும் வந்துட்டு, நகைக்கு ஆசைப்பட்டுத் திரும்பிப் போய் உயிரை விட்டாங்க. அந்த முட்டாள்தனத்த யாரும் பண்ணாதீங்க"ன்னு.

யாரோட சம்சாரம்னு அவருக்குத் தெரியாது. பாவம், பேப்பர்ல படிச்சதைச் சொல்றாரு. கூட்டமே என்னைப் பார்த்துச்சு. பின்னாடி கலியமூர்த்தி எந்திரிச்சான். ஏதோ பேசப் போறான்னு நெனச்சேன். பேசல. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு வெளிய போயிட்டான்.

நான் சால்வையோட உக்காந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து வளர்மதிக்கு நானே போன் பண்ணுனேன். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை கூட இல்லை. என்னப்பா உடம்புக்குன்னு பதறுச்சு. உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லிட்டு, சொன்னேன். எல்லாத்தையும். விளிம்பப் புடிச்சிருந்தது, நான் நோட்டுன்னது, கட்டை வாங்குனது. அது குறுக்க ஒரு வார்த்தை பேசல. லைன் இருக்கான்னு ரெண்டு தடவை கேட்டேன். இருக்கேன்பான்னுச்சு.

முடிச்சதும், "எனக்குத் தெரியும்ப்பா"ன்னுச்சு. "கலியமூர்த்தி மாமா அன்னிக்கே சொல்லிட்டாரு."

"அப்பறம் ஏம்மா என்னை ஒண்ணும் கேக்கல?"

"கேட்டேனேப்பா. வாராவாரம் கேட்டேன்."

நான் போனை இன்னொரு காதுக்கு மாத்துனேன்.

"நீங்க நோட்டு கேட்டதுக்கு எனக்குக் கோவம் இல்லப்பா. பயத்துல யாரும் எதையும் கேப்பாங்க. அம்மாவை நகைக்காகச் செத்தவங்கன்னு ஊரே பேசுச்சு, நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அதை நான் என்ன பண்றது?"

வச்சிருச்சு. அதுக்கப்புறம் மூணு ஞாயித்துக்கிழமை போயிருச்சு சார். பதினோரு மணிக்குப் போனை எடுத்து மடியில வச்சுக்குவேன். சார்ஜ் இருக்கான்னு பார்ப்பேன். நானே கூப்புடலாம். கூப்ட்டு என்ன சொல்றது? சொல்ல வேண்டியதைத்தான் சொல்லியாச்சே.

அந்த அதிகாரிக்கு ஒரு கடிதாசி எழுதுனேன். தப்பைத் திருத்தணும் இல்லையா, நமக்குத் தெரிஞ்ச வழி அதுதான். 'மேற்படி தையல்நாயகி என்பவர் நகையை எடுக்கச் செல்லவில்லை என்றும், ஆவணக் குறிப்பேடுகளை மீட்கச் சென்றபோதே சுவர் இடிந்து உயிர் நீத்தார் என்றும் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.' எப்படி இருக்கு? சட்டப்படி ஒரு தப்பு சொல்ல முடியாது. சாட்சிக் கையெழுத்துக்குக் கலியமூர்த்திகிட்ட கொண்டுபோனேன். அவன் வலை கட்டிக்கிட்டு இருந்தான். வாங்கி ரெண்டு தடவை படிச்சான்.

"யாரு கேட்டுப் போச்சுன்னு இதுல இல்லையே அத்தான்"னு திருப்பிக் குடுத்துட்டான்.

வேற எழுதுனேன். அதுலயும் அந்த வார்த்தை வர்ற எடத்துல கை ஆபீஸ் தமிழுக்குப் போயிருது. 'கேட்டுக்கொள்ளப்பட்டதன் பேரில்'னு வருது. நானும் அடிச்சு அடிச்சு எழுதிப் பார்க்குறேன். நான் கேட்டேன்னு எழுதுறதுக்கு ரெண்டே வார்த்தைதான் சார். முப்பத்திரெண்டு வருசம் எழுதுன கை.

நேத்து ஒரு யோசனை வந்துச்சு. அவளே வந்து சொன்னா எப்படிச் சொல்லுவா, அவ வாயால சொல்ற மாதிரி எழுதிப் பார்ப்போம்னு உக்காந்தேன். 'என் வீட்டுக்காரர் கேட்டார், அதனால் போனேன்.' அவ்வளவுதான் எழுதணும். காலையில உக்காந்தவன், மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தேன். வரல சார். அவ அப்படிச் சொல்லவே மாட்டா. யாரு வந்து எத்தனை தடவை கேட்டாலும், "அவரு ஒண்ணும் சொல்லல, நானாத்தான் போனேன்"னுதான் சொல்லியிருப்பா.